மூன்று முறை அலசிய புட்டி

அருப்புக்கோட்டை வட்டார நீர் ஆய்வகத்தின் முதுநிலை வேதியியலர் திருமதி அமுதவள்ளி அவர்கள் பணி நிறைவு பெறும் நன்னாளில், சக பணியாளர்கள் படித்தளிக்கும் மடல்

அளவையில் அணுவளவும் பிசகாத அம்மையே! அமிலத்துக்கும் அஞ்சாத, அதிகாரத்துக்கும் அஞ்சாத அருந்தகையே! கரிசல் காட்டுக் கிணறுகளின் கண்கண்ட சாட்சியே! காரியாபட்டி முதல் திருச்சுழி வரை கைப்பம்பு தோறும் கால்கடுக்க நின்ற கடமையே! தெளிந்த நீரையும் சந்தேகப்பட்டு, கலங்கிய நீருக்கும் நியாயம் வழங்கிய நடுநிலையே! எங்கள் அமுதவள்ளி அம்மையீர், வணக்கம்!

இத்தனை விளிகளுக்கே அம்மையார் நாற்காலியில் நெளியத் தொடங்கியிருப்பார் என்பது எழுதும்போதே எங்களுக்குத் தெரியும். முகத்துக்கு நேரே புகழ்ந்தால் எழுந்து போய்விடுவது அவர் வழக்கம். சென்ற ஆண்டு நகரத்து வர்த்தகப் பெருமக்கள் பொன்னாடையோடு வந்தபோது, "இத வச்சு நான் எந்தக் கண்ணாடிக் குழாயத் தொடைக்க?" என்று கேட்டு அனுப்பிவைத்தவர் அவர். ஆகவே இம்மடல் இனி அவரைப் பார்த்துப் பேசாது. அவரைப் பற்றி, அவையோரைப் பார்த்துப் பேசும். வேறு யாருடைய கதையோ என்று எண்ணிக்கொண்டு அம்மையார் கொஞ்ச நேரம் அமைதியாக அமர்ந்திருக்குமாறு வேண்டுகிறோம்.

அருப்புக்கோட்டையில் பஞ்சு வணிகக் குடும்பத்தில் பிறந்து, மதுரையில் வேதியியல் பயின்று, பல ஊர் ஆய்வகங்களில் பணியாற்றி, எண்பத்திரண்டாம் ஆண்டில் இந்த ஆய்வகம் திறந்தபோது அதன் முதல் சாவியை வாங்கியவர் அம்மையார். அன்று இங்கே இருந்தவை ஒரு மேசை, இரண்டு அலமாரி, தண்ணீர் வராத ஒரு குழாய். நீரைப் பரிசோதிக்கும் இடத்தில் நீர் வராததை அவர் ஒரு குறையாகச் சொன்னதே இல்லை. "வந்தா அதையும்ல டெஸ்ட் பண்ணணும்" என்று மட்டும் சொன்னார்.

அவருடைய வேலை இன்னதென்று அவையோருக்குச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் பதினான்கு ஆண்டுகளாக இந்த ஊரில் பாதிப் பேர் இதை உப்புத் தண்ணீரா நல்ல தண்ணீரா என்று நாக்கில் வைத்துச் சொல்லும் அலுவலகம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உப்பை நாக்கு சொல்லும். காரீயத்தைச் சொல்லாது. குரோமியத்தைச் சொல்லாது. ஒரு குடம் நீரில் ஒரு கடுகின் துணுக்கு அளவு காரீயம் கரைந்திருந்தாலும் நீர் கண்ணாடி போலத்தான் இருக்கும். மணமும் மாறாது, ருசியும் மாறாது. ஆனால் நாள்தோறும் அதைக் குடிக்கிற பிள்ளையின் இரத்தமும் வயிறும் மூளையும் மாறும். அந்தத் துணுக்கைத் தேடிப் பிடிப்பதுதான் அம்மையாரின் வேலை.

உலோகத்தின் அளவைத் தாளில் அச்சடித்துத் தரும் எந்திரங்கள் சென்னையில் இருந்தன. இங்கே இருந்தவை மூடிபோட்டுக் குலுக்கும் ஒரு பிரிபுனலும், டைத்திசோன் என்னும் பச்சைக் கரைசலும், அம்மையாரின் இரண்டு கண்களும்தான். சேர்க்க வேண்டியவற்றைச் சேர்த்து, நீரையும் அந்தப் பச்சைக் கரைசலையும் புனலில் ஊற்றிக் குலுக்கி நிறுத்தினால் பச்சை அடியில் தங்கும். நீரில் காரீயம் இருந்தால் அந்தப் பச்சை சிவக்கும். சிவப்பின் ஆழத்தை, அளவு தெரிந்த கரைசல்களின் நிறத்தோடு வைத்துப் பார்த்தால் எவ்வளவு என்பதும் தெரியும்.

எளிதாகத் தோன்றும், எளிதல்ல. குழாயில் ஒட்டிய தூசியில் காரீயம் இருக்கலாம், சுவரின் பழைய வண்ணத்தில் இருக்கலாம், தொட்ட விரலில் இருக்கலாம். ஆகையால் கண்ணாடிகள் எல்லாம் நைட்ரிக் அமிலத்தில் ஊறி, காய்ச்சி வடித்த வாலைநீரில் குளித்து, பிறகுதான் அவர் கைக்கு வரும். ஒவ்வொரு சோதனையோடும் வெறும் வாலைநீரை வைத்து இன்னொரு சோதனையும் நடக்கும், நம் அழுக்கை நாமே பிடிப்பதற்காக. கோடையில் ஊரெல்லாம் குடத்தோடு அலையும்போது, அந்த வாலைநீர்ப் பெருங்குப்பியை நாங்கள் ஏக்கத்தோடு பார்த்தது உண்மை. "அதுல ஒரு காபி போட்டா தெரியவா போகுது?" என்று கேட்ட எங்கள் எழுத்தர் சின்னத்துரையோடு அம்மையார் ஒரு வாரம் பேசவில்லை என்பதும் உண்மை.

அறிக்கையில் அவர் ஒருபோதும் "இல்லை" என்று எழுதியதில்லை. "எங்கள் முறைக்குத் தென்படவில்லை" என்றுதான் எழுதுவார். "இருக்கா, இல்லையா? ஒரே வார்த்தைல சொல்லுங்கம்மா" என்று நச்சரித்த அதிகாரி ஒருவரிடம், "ஒரே வார்த்தைல சொல்ல முடிஞ்சா எனக்கு எதுக்கு சார் சம்பளம்?" என்றார். இந்தப் பிடிவாதத்தால் கோப்புகள் தாமதமாயின, கூட்டங்கள் கசந்தன, எங்களுக்கும் பலமுறை எரிச்சல் வந்தது. மடல் என்பதற்காக இதை மறைக்க முடியாது.

பிடிவாதத்துக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்காக நொச்சியேந்தல் கதையைச் சொல்கிறோம்.

எண்பத்தெட்டாம் ஆண்டு சித்திரை. திருச்சுழிக்குத் தெற்கே, பஸ் நிற்குமிடத்திலிருந்து வெயிலில் நெடுந்தூரம் நடக்க வேண்டிய சிற்றூர் நொச்சியேந்தல். அங்கே சங்கரம்மாள் என்ற பெண்ணின் ஒன்பது வயது மகள் முத்துப்பேச்சிக்குப் பொங்கல் கழிந்ததிலிருந்து வயிற்றுவலி. சோகை பிடித்துப் பிள்ளை வெளுத்துப்போனாள். ஓடியாடியவள் சுவரில் சாய்ந்தே கிடந்தாள். அதே தெருவில் இன்னும் சில பிள்ளைகளுக்கும் வலி. பிள்ளையைப் பார்த்த மருத்துவருக்குக் காரீயமாக இருக்குமோ என்று ஐயம் வந்து, ஊர்க் கிணற்று நீரைச் சோதிக்கச் சொல்லி எங்கள் ஆய்வகத்துக்கு எழுதினார். மாதிரி எடுக்கும் பணியாளர் வீரபத்திரன் போய் ஒரு புட்டி நீர் கொண்டுவந்தார்.

பிரிபுனலில் பச்சை சிவந்தது. வெறும் வாலைநீர் பச்சையாகவே நின்றது. அம்மையார் மறுபடி செய்தார், சிவந்தது. மூன்றாம் முறையும் செய்தார், சிவந்தது. கையெழுத்திட்டார். அந்த ஊருக்கு இருந்த ஒரே நல்ல தண்ணீர்க் கிணற்றின் மேல் உடைமுள் வெட்டிப் போட்டு, சுவரில் சிவப்பு வண்ணம் அடித்துவிட்டுப் போனார்கள் அதிகாரிகள். சித்திரை வெயிலில் பெண்கள் அடுத்த ஊருக்குக் குடத்தோடு நடந்தார்கள். அடுத்த ஊரிலும் தண்ணீர் வழிந்தோடவில்லை என்பதால் அங்கே பேச்சு வாங்கிக்கொண்டு திரும்பினார்கள்.

அறிக்கை போனபின் அம்மையாருக்கு நிம்மதி இல்லை. ஒரு கிணற்றைப் பூட்ட ஒரு புட்டி போதுமா என்ற கேள்வி அவரை அரித்தது. அந்தப் பக்கத்துப் பாறையில் காரீயம் கிடையாது, பட்டறை கிடையாது, தொழிற்சாலை கிடையாது. பிறகு எங்கிருந்து வந்தது? வீரபத்திரனைக் கூட்டிக்கொண்டு அவரே பஸ் ஏறினார்.

கிணற்றடியில் சங்கரம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றார். "எங்க கெணத்துக்கு வெசம்னு எழுதுன மகராசி நீங்கதானா?"

"நான்தான் தாயி. மறுபடியும் பாக்கத்தான் வந்திருக்கேன்."

முள்ளை விலக்கி, வாளியிட்டு இறைத்து, புட்டியில் நீர் ஊற்றிக் குலுக்கி மண்ணில் கொட்டினார் அம்மையார். எந்த நீரை எடுக்கிறோமோ அதே நீரால் மூன்று முறை அலசிய பிறகே நிரப்ப வேண்டும் என்பது விதி. முதல் முறை கொட்டியபோது பெண்கள் முகம் சுளித்தார்கள். இரண்டாம் முறை கொட்டியபோது சங்கரம்மாள் பொறுக்கவில்லை. "எங்கள குடிக்க விட மாட்டீக, மண்ணுல கொட்ட மட்டும் கெணறு வேணுமா? ஒரு கொடம் ஊற விடியுற மட்டும் காத்துக் கெடப்போம். அதக் கொட்டுறாகளே, கண்ணு கொண்டு பாக்க முடியல!" அம்மையார் மூன்றாம் முறையும் அலசிக் கொட்டினார். வீரபத்திரன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நீர் சிவக்கவில்லை. பச்சை பச்சையாகவே நின்றது.

பழைய புட்டியில் மிச்சமிருந்த நீரை எடுத்துக் குலுக்கினார் அம்மையார். சிவந்தது. ஒரே கிணறு, இரண்டு புட்டி, இரண்டு நிறம். "கெணத்துலதான எடுத்த?" என்று வீரபத்திரனைக் கேட்டார். அப்போது தற்காலிகப் பணியில் இருந்த வீரபத்திரன், "கெணத்துத் தண்ணிதான்மா" என்றார். அது பொய்யும் இல்லை.

மேலிடத்திலிருந்து வந்த அதிகாரி எளிய வழி சொன்னார். "மொத ரிப்போர்ட்ல கைத்தவறுன்னு எழுதிருங்கம்மா. கெணத்தத் தொறந்துருவோம். ஊரும் வாழ்த்தும், நமக்கும் தலைவலி விட்டுச்சு."

"கெணத்த இன்னைக்கே தொறங்க சார், கையெழுத்துப் போடுறேன். கைத்தவறுன்னு மட்டும் எழுத மாட்டேன். மொத பாட்டில்ல இருந்தது நெசமான காரீயம். அது எங்கேயோ இருந்து வந்திருக்குல்ல? அந்தப் பிள்ள வயித்துல இருக்கிறதும் அதுதான்னா, இப்ப நாம கோப்ப மூடுனா அது யாரு கண்ணுலயும் படாது சார்."

கிணறு திறந்தது. கோப்பை மூடச் சொல்லி உத்தரவும் வந்தது. அம்மையார் தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, வீரபத்திரனையும் இழுத்துக்கொண்டு மறுபடி நொச்சியேந்தலுக்குப் போனார்.

இம்முறை ஊர் முகம் மலர்ந்திருந்தது. சங்கரம்மாள் வீட்டுக்குள் அழைத்துப் பாய் விரித்தார். மூலையில் முத்துப்பேச்சி சுருண்டு கிடந்தாள். பளபளவென்று ஈயம் பூசிய பித்தளைப் பானையிலிருந்து டம்ளரில் நீர் மொண்டு, சங்கரம்மாள் இரண்டு கையாலும் நீட்டினார்.

"குடிங்கம்மா. என் கல்யாணச் சீருப் பானை. விருந்தாளிக்கு இதுலதான் குடுப்பேன். பொங்கலுக்குத்தான் புதுசா ஈயம் பூசுனது. அன்னைக்கு இந்த அண்ணன் வாராருன்னு சேதி வந்தப்பவும் இதுலதான் புடிச்சு வச்சேன். பொழுது ஏறிட்டா கெணத்துல சேறுதான கெடக்கும்? அதான் முந்துன நாளே புளி போட்டு வெளக்கி, நெறச்சு வச்சு, அண்ணன் பாட்டில்ல நானே ஊத்திவிட்டேன்."

உதடு வரை போன டம்ளர் நின்றது. வீரபத்திரன் தரையைப் பார்த்தார். அம்மையார் மெல்ல டம்ளரை இறக்கிப் பாயில் வைத்தார்.

சங்கரம்மாளின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே வற்றிப்போனது. டவுனிலிருந்து வந்த வணிகக் குடும்பத்து அம்மாள், கூலிக்குப் போகிற தன் வீட்டில் தண்ணீர் குடிக்க மறுப்பதற்கு அந்தப் பெண்ணுக்கு ஒரே ஒரு காரணம்தான் தெரியும். பிறந்ததிலிருந்து பார்த்த காரணம் அது. "நாங்க குடுத்தா குடிக்க மாட்டீகளோ?" என்றார். குரல் உயரவில்லை.

எங்கள் அம்மையாருக்கு விளக்கம் சொல்லும் பொறுமை எப்போதுமே குறைவு. அன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் அடுப்படியில் இருந்த மண்பானையை எட்டிப் பார்த்து, "இதுலருந்து குடு தாயி" என்றார். சங்கரம்மாள் நகரவில்லை. அம்மையாரே சிரட்டை அகப்பையால் மொண்டு, அந்த வீட்டு ஈயம் பூசாத அலுமினிய டம்ளரில் ஊற்றிக் குடித்தார். இன்னொரு டம்ளரும் குடித்தார். பிறகுதான் கேட்டார்.

"அந்தப் பித்தளைப் பானைல வேற என்ன வைப்ப?"

"பிள்ளைக்குக் கஞ்சி. ராத்திரி ஊத்தி வச்சா காலைல நல்லாப் புளிச்சிருக்கும். எங்களுக்கு மண்சட்டிதான். ஒத்தப் பிள்ள, அவ நல்லதுல குடிக்கட்டும்னு…"

பொங்கலுக்கு முன் ஊர் ஊராக வந்த ஈயம் பூசுகிறவர், அந்தத் தெருப் பானைகளுக்கெல்லாம் பூசிய வெள்ளீயத்தில் மலிவான காரீயத்தைத் தாராளமாகக் கலந்திருக்கிறார். புளிப்புப் பட்டால் காரீயம் கரையும். தண்ணீர்ப் பஞ்சத்தில் பானையைப் புளி போட்டு விளக்கியவர்கள், அலச இரண்டு கை நீருக்கு மேல் செலவழிக்கவில்லை. அந்தப் புளிப்பிலேயே கிணற்று நீர் ஓர் இரவு கிடந்திருக்கிறது. பெண்கள் கண்ணெதிரில் நீரைக் கொட்டி அலச வீரபத்திரனுக்கும் மனம் வரவில்லை. வற்றிய கிணறு, விருந்தாளிக்கு நல்ல பானை, ஒரு சொட்டும் வீணாக்கக் கூடாது என்ற வளர்ப்பு, எல்லாமாகச் சேர்ந்து செய்த பிழை இது. மழை பெய்கிற சீமையில் இந்தப் பிழை நடந்திருக்காது.

திரும்பும் பஸ்ஸில் அம்மையார் வீரபத்திரனைத் திட்டிய திட்டில், திருச்சுழி வந்து சேர்வதற்குள் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் மாதிரி எடுக்கும் முறையைக் கற்றுக்கொண்டார்கள் என்று வீரபத்திரனே சொல்வார். "நீ செஞ்ச தப்புதான் நெசத்தக் காட்டிக் குடுத்துச்சு. அதுக்காக ஒன்ன மெச்சுவேன்னு நெனைக்காத" என்பது அந்தத் திட்டின் கடைசி வரி. அறிக்கையில் வீரபத்திரனின் பெயரை எழுதாமல் விட்டதும் அதே அம்மையார்தான். இதை அவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

மறுநாள் புனலையும் பச்சைக் கரைசலையும் பையில் போட்டுக்கொண்டு நொச்சியேந்தல் போய், ஊரைக் கூட்டி வைத்துக் காட்டினார். கிணற்று நீரில் பச்சை நின்றது. பித்தளைப் பானை நீரில் பச்சை சிவந்தது. அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்த சங்கரம்மாள் திடீரென்று தலையில் அடித்துக்கொண்டார்.

"அப்ப எம் பிள்ளைக்கு நானா வெசத்த ஊட்டுனேன்? பாத்துப் பாத்து அதுல ஊத்திக் குடுத்தேனே!"

அம்மையார் அவர் கையைப் பிடித்தார். யாரையும் தொட்டுப் பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லை. "நீ ஊட்டல தாயி. அதுக்கு மணம் இல்ல, ருசி இல்ல. நீ நல்லதுன்னு நெனச்சு நல்லதுல வச்ச. படிச்சவ நான், நல்ல கெணத்த வெசம்னு எழுதி மூடுனேன். கண்ணுக்குத் தெரியாதத வச்சு ஒன்ன நீயே வையாத. பிள்ளைய மதுரைக்குக் கூட்டிட்டுப் போவோம், வா."

கூட்டிப் போனார். பித்தளைப் பானைகள் அடுப்படியிலிருந்து பரண் ஏறின. முத்துப்பேச்சிக்கு வலி நின்றது. முகத்தில் இரத்தம் ஊற ஓராண்டு ஆனது. பள்ளியில் விட்ட பாடத்தை அவள் திரும்பப் பிடிக்கவே இல்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அம்மையார் சோதித்தால் நிற்காது. அவள் இன்று இதே ஊரில் தறிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள், உரக்கச் சிரிக்கிறாள். அவ்வளவு எழுதலாம்.

மடல் நேற்று இந்த இடத்தில் முடிந்தது. நீடு வாழ்க என்று எழுதி, கண்ணாடிச் சட்டம் போடுகிறவரிடம் கொடுப்பதாக இருந்தோம். இன்று காலை ஒரு பத்தி கூடிவிட்டது. சட்டத்துக்குள் இது மட்டும் வேறு மையில் தெரிந்தால் பொறுத்தருள்க.

காலையில் கதவு திறக்கும்போதே சங்கரம்மாள் வாசலில் நின்றார். கையில் ஒரு கண்ணாடிப் புட்டி, நிறைய நீர். இந்த ஆண்டும் ஆனி வரை மழை இல்லை என்பதும், நொச்சியேந்தல் கிணற்றில் சேற்றைச் சுரண்டித்தான் மொள்கிறார்கள் என்பதும் அவையோர் அறிந்ததே. "அம்மாவுக்கு நம்ம கெணத்துத் தண்ணி. அன்னைக்கு மண்பானைல அவுகளா மொண்டுதான குடிச்சாக, நான் கையால குடுக்கலையே. அந்தக் கொறை எட்டு வருசமா கெடக்கு" என்றார். பிறகு, எங்களை நம்பவைக்க வேண்டும் என்பதுபோல, "மூணு வாட்டி அலசிக் கீழ கொட்டிட்டுத்தான் நெறச்சேன். பொண்டுக வஞ்சாளுக. கொட்டத்தான் செஞ்சேன்" என்றார். வீரபத்திரன் முன்னால் வந்து புட்டியை வாங்கிக்கொண்டார்.

அம்மா! இனி உங்களைப் பார்த்தே பேசுகிறோம், எழுந்து போய்விடாதீர்கள்.

அந்தப் புட்டி உங்கள் எதிரில் மேசைமேல் இருக்கிறது. நீங்கள் சோதிக்காததைக் குடிக்க மாட்டீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே நீங்கள் மாலைக்கும் மரியாதைக்கும் பயந்து உள்ளறையில் ஒளிந்திருந்த நேரத்தில், அமிலத்தில் ஊறிய கண்ணாடியில், வாலைநீரை ஒப்பீட்டுக்கு வைத்து, நீங்கள் சொல்லித் தந்தபடியே செய்து முடித்தோம். புனலைக் குலுக்கியவர் வீரபத்திரன்.

உங்கள் ஆயுள் இந்தக் கரிசலில் ஆழ இறங்கிய ஊற்றுப்போல் வற்றாதிருக்கட்டும்! கண்ணொளி குன்றாதிருக்கட்டும்! கால் நோகாதிருக்கட்டும்! கோபம் கொஞ்சம் குறையட்டும். பிடிவாதம் அப்படியே இருக்கட்டும்!

நொச்சியேந்தல் கிணற்று நீர். காரீயம்: எங்கள் முறைக்குத் தென்படவில்லை.

சங்கரம்மாள் டம்ளரோடு நிற்கிறார். வாங்கிக் குடியுங்கள், அம்மா.

இவண்,
வட்டார நீர் ஆய்வகப் பணியாளர்கள்,
அருப்புக்கோட்டை.
28.6.1996